வீதியோரக் கல்லில் எழுதியிருப்பது என்ன? வன்னி வாசகர் கேள்வி – பதில்

வீதியோர நினைவுக்கற்கள் பற்றிச் சென்ற மாதங்களில் வந்த கேள்விகளுள் பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழுக்குத் தெரிந்தெடுத்திருக்கிறோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கற்சிலைமடு நினைவுக்கல், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் வீரமரணம் அடைந்த இடத்தில் நாட்டப்பட்டது என்றுதான் படித்தோம். கல்லில் அப்படி எழுதியிருக்கவில்லை என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். எது சரி? நினைவுநாள் ஓகஸ்ட் 25ஆ, ஒக்ரோபர் 31ஆ?
— வாசகர், முள்ளியவளை

எழுதியிருக்கவில்லை என்பவர்கள் சொல்வதுதான் சரி. மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில், ஆங்கிலேயர் காலத்தில் நாட்டப்பட்ட அந்தக் கல்லில் இருந்தது ஒரேயொரு ஆங்கில வசனம். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இந்தச் சுற்றுவட்டாரத்தில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தான், 1803 ஒக்ரோபர் 31."

இந்த வசனத்தைச் சொல் சொல்லாக நிறுத்திப் படிக்கவேண்டும். "இந்தச் சுற்றுவட்டாரத்தில்" என்று எழுதியவர்களுக்கே சரியான இடம் தெரியாது, அல்லது சண்டை ஓர் இடத்தில் நில்லாமல் பரவி நடந்தது. அதனால் கல் நின்ற அடி நிலத்தைப் போர்க்களத்தின் நடுப்புள்ளி என்று கொள்ள முடியாது. அடுத்தது "தோற்கடித்தான்". கொன்றான் என்றோ பிடித்தான் என்றோ அதில் இல்லை. தன் எதிரியைக் கொன்றிருந்தால் அதை விட்டுவிட்டு வெறும் தோல்வியை மட்டும் வென்றவன் கல்லில் வெட்டுவானா என்பது நியாயமான கேள்வி. மூன்றாவது, வசனத்தின் எழுவாய். அது டிறிபேர்க். வென்ற பக்கத்தின் கல் அது. அந்தக் கல்லை நம் மக்கள் தங்கள் தலைவனின் அடையாளமாக ஆக்கிக்கொண்டது பின்னாளில் நடந்தது. அந்த மாற்றமும் வரலாறுதான், அதையும் பதிந்து வைக்கவேண்டும்.

திகதிகளுக்கு வருவோம். 1803 ஜூனில் கண்டிக்குப் போன ஆங்கிலேயப் படை அங்கே அழிந்தது. அந்தச் சூழலில்தான் பண்டாரவன்னியன் எழுந்து, ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான். கோட்டையில் இருந்த காவற்படைக்கு இதே டிறிபேர்க்தான் தலைவன். அவன் அங்கிருந்து பின்வாங்கி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தான். இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து கற்சிலைமடுவில் தாக்கினான். ஆக ஓகஸ்ட் 25 வெற்றி நாள், ஒக்ரோபர் 31 தோல்வி நாள். இரண்டையும் நினைவுகூரலாம். புதிதாகக் கல் நாட்டுவோர் முதலாவதற்கு "முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய நாள்" என்றும் இரண்டாவதற்கு "கற்சிலைமடுப் போர் நடந்த நாள்" என்றும் எழுதினால் யாரும் மறுக்க முடியாது. "வீரமரணம் அடைந்த நாள்" என்று 31ஆம் திகதிக்குக் கீழே வெட்டினால், பழைய கல்லையே சான்றாகக் காட்டி நாளைக்கு ஒருவர் கேள்வி கேட்பார்.

அந்தப் பழைய கல் 2010இல் உடைக்கப்பட்டுவிட்டது. அதனால் கல் முழுதாக நின்ற காலத்துப் படங்கள் இன்று மூலச் சான்றுக்குச் சமம். பாடசாலைச் சுற்றுலாப் படமோ குடும்பப் படமோ, கல் பின்னால் மங்கலாகத் தெரிந்தாலும் சரி, ஸ்கான் செய்து பிரதி எடுத்து வையுங்கள். படத்தின் பின்புறத்தில் எழுதியிருக்கும் திகதியையும் சேர்த்து ஸ்கான் செய்யுங்கள். பலர் முன்பக்கத்தோடு நிறுத்திவிடுகிறார்கள்.

எங்கள் ஊர் மதகில் 12/3 என்று வெட்டியிருக்கிறது. டிசெம்பர் 3ஆ, மார்ச் 12ஆ?
— மாணவி, நெடுங்கேணி

திகதி அல்ல. வீதியில் உள்ள பாலங்களுக்கும் மதகுகளுக்கும் இடும் இலக்கம் அது. முதல் எண் எத்தனையாவது மைல் அல்லது கிலோமீற்றர் என்பதையும், இரண்டாவது எண் அந்தத் தூரத்துக்குள் எத்தனையாவது கட்டுமானம் என்பதையும் சொல்லும். 12/3 என்றால் 12ஆவதில் மூன்றாவது மதகு. பழைய மதகானால் மைற்கணக்கு, புதியதானால் கிலோமீற்றர்க் கணக்கு. மைல் என்றால் 1.609ஆல் பெருக்குங்கள். 12 மைல் ஏறத்தாழ 19.3 கிலோமீற்றர்.

வயற்கரைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு கிடைக்கோடும் அதன் கீழே மேல்நோக்கிய அம்புக்குறியும் இருக்கின்றன. புதையல் அடையாளம் என்று இரவில் ஆட்கள் வந்து தோண்டப் பார்க்கிறார்கள்.
— கமக்காரர் அமைப்பு உறுப்பினர், வவுனியா வடக்கு

புதையலுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இது நில அளவையாளரின் மட்டக்குறி. அந்தக் கிடைக்கோடு கடல்மட்டத்திலிருந்து எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது என்பதை அளந்து பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். குளக்கட்டு உயரம், வாய்க்கால் சரிவு எல்லாவற்றையும் இப்படியான குறிகளிலிருந்துதான் கணக்கிடுவார்கள். கல்லை அசைத்தால் குறி பயனற்றுப் போகும். தோண்ட வருகிறவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் கிராம அலுவலர் மூலம் பொலிசில் முறையிடுங்கள். காட்டு எல்லைக்கற்களுக்கும் காணி எல்லைக்கற்களுக்கும் இதே நிலைதான். எழுத்தோ இலக்கமோ வெட்டிய ஒரு சிறு கல்லைக் கண்டதும் புதையல் என்று நினைப்பதால் வன்னியில் நல்ல அளவைக்கற்கள் பல பிடுங்கப்படுகின்றன.

எங்கள் கிராமத்துக் குளத்துக்கு வரலாற்றுக் கல் ஒன்று நாட்ட விரும்புகிறோம். பணம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது. எங்கே, எப்படி, என்ன அளவில், என்ன எழுதி நாட்டலாம்?
— கமக்காரர் அமைப்பு, ஒட்டுசுட்டான் பிரிவு

முதலில் இடம். குளக்கட்டின் மேல் நாட்டவே கூடாது. அத்திவாரத்துக்குக் கட்டை வெட்டினால் இறுகிய மண் தளரும். அந்த இடத்தில் நீர் கசிந்து, மாரியில் கட்டே உடைய வாய்ப்பு உண்டு. நீர் திறக்கும் துருசுக்கு நேர் கீழேயும் வேண்டாம், மிகைநீர் வழியும் வான் பக்கமும் வேண்டாம். கட்டின் அடியை விட்டு விலகி, குளத்துக்குத் திரும்பும் வீதியோரத்தில், மேடான தரையில் வையுங்கள். தார் விளிம்பிலிருந்து 5 மீற்றராவது தள்ளியிருக்கட்டும். சைக்கிளையும் மோட்டார்சைக்கிளையும் நிறுத்தி இறங்கிப் படிக்க இடம் வேண்டும்.

அடுத்தது மண். வயல்நிலக் களி கோடையில் வெடித்துச் சுருங்கும், மாரியில் ஊறி உப்பும். அதன் மேல் வைத்த கல் இரண்டு வருடத்தில் சாய்ந்துவிடும். களியைக் கடந்து கிறவல் தட்டும்வரை தோண்டுங்கள். பெரும்பாலும் இரண்டு, மூன்று அடி போகவேண்டியிருக்கும். குழியின் அடியில் 3 அங்குலத்துக்கு 1:3:6 (சீமெந்து, மணல், சல்லி) கலவை போட்டு மட்டம் எடுங்கள். அதன் மேல் 3 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி கனத்தில் அடித்தளம். அதற்கு மேல் 2 அடி அகலம், 1 அடி கனம், 4 அடி உயரத்தில் பீடம். இரண்டுக்கும் 1 பங்கு சீமெந்து, 2 பங்கு மணல், 4 பங்கு முக்கால் அங்குலச் சல்லி. மொத்தம் 17 கன அடி கொங்கிறீற் வரும். 50 கிலோ சீமெந்துப் பை மூன்றுக்குச் சற்று மேலே செல்லும். அடிமட்டக் கலவைக்கும் பூச்சுக்கும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள். பீடத்துக்கும் அடித்தளத்துக்கும் மட்டும் மணல் 8 கன அடி, சல்லி 15 கன அடி போதும்.

ஒரு பை சீமெந்துக்கு 25 லீற்றர் தண்ணீருக்கு மேல் ஊற்றவிடாதீர்கள். கலவை இலகுவாக ஓடுகிறதென்று மேசன்மார் அள்ளி ஊற்றுவார்கள். காய்ந்தபின் மேற்பரப்பு மாவாக உதிர்வது இதனால்தான். கம்பி போடுவதானால் அதற்கும் வெளிமுகத்துக்கும் இடையே இரண்டு அங்குலக் கொங்கிறீற் இருக்கவேண்டும். கடற்கரை மணலையோ களப்பு மணலையோ தொடவே வேண்டாம். அதிலுள்ள உப்பு கம்பியைத் துருவாக்கும், துரு பருத்துக் கொங்கிறீற்றைப் பிளக்கும். கட்டி முடித்ததும் ஏழு நாளாவது ஈரச்சாக்கால் மூடி வையுங்கள். வேலையை மாசியிலிருந்து புரட்டாதிக்குள் முடித்துவிடுங்கள். ஐப்பசி பிறந்தால் குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும்.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கங்களில் யானையையும் கணக்கில் எடுக்கவேண்டும். உயர்ந்த மெல்லிய தூணில் அது முதுகு தேய்த்தால் தூண் முறியும். குள்ளமாய்ப் பருத்த பீடத்துக்கு அந்த ஆபத்துக் குறைவு. 4 அடிக்கு மேல் உயர்த்தவேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுத்துக் கல்லுக்குக் கருங்கற்பலகை நல்லது. 2 அடிக்கு இரண்டரை அடி, 20 மில்லிமீற்றர் கனம் என்றால் எடை 25 கிலோ அளவில் வரும், இருவர் தூக்கலாம். எழுத்தை எப்படி வெட்டுகிறார்கள் என்று கடையில் கேளுங்கள். லேசரில் பொறித்தது மேல்தோலில் மட்டும் நிற்கும், சில வருடங்களில் மங்கிவிடும். மணல் அடித்து வெட்டுவதானால் 2 மில்லிமீற்றர் ஆழமாவது கேளுங்கள். உளியால் வெட்டுவதானால் 3 மில்லிமீற்றர். பள்ளத்தில் பூசிய பெயின்ற் போனாலும் எழுத்து நிற்கவேண்டும், அதுதான் அளவுகோல். தங்க நிறப் பெயின்ற் சீக்கிரம் கறுக்கும். கருங்கல்லில் வெள்ளைதான் தூரத்துக்குத் தெரியும்.

இனி எழுத்து. ஐம்பது அறுபது சொல்லுக்கு மேல் வெயிலில் நின்று யாரும் படிக்கமாட்டார்கள். குளத்தின் பெயர், எந்த ஆற்றை அல்லது அருவியை மறித்தது, கட்டியதா திருத்தியதா, எந்த ஆண்டு, எத்தனை ஏக்கர் பாய்ச்சுகிறது, கல் நாட்டிய ஆண்டு. இவ்வளவும் இருந்தால் நிறைவு. "கட்டியது", "திருத்தியது" இரண்டையும் குழப்புவதுதான் வன்னியில் காணும் பெரிய தவறு. இரணைமடு 1902இல் தொடங்கி 1920இல் முடிந்த வேலை. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. அங்கே "கட்டியது" என்று எழுதலாம். வவுனிக்குளம் பாலியாற்றில் இருந்த பழங்காலக் குளம், 1950களில் மீளத் திருத்தியது. அங்கே 1950களைக் "கட்டிய ஆண்டு" என்று வெட்டினால் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட உழைப்பு ஒரு சொல்லில் மறைந்துபோகும். உங்கள் குளத்தின் பழைய கட்டில் பெரிய செங்கல்லோ, கல்லால் செய்த பழைய துருசோ தெரிந்தால் பெரும்பாலும் திருத்திய குளம்தான்.

ஒரு வேண்டுகோள். திறந்துவைத்தவர், தலைமை தாங்கியவர், நிதி தந்தவர் பெயர்களைப் பீடத்தின் பின்பக்கத்தில் வையுங்கள். முன்முகம் குளத்துக்கு உரியது. காடு வெட்டி மண் சுமந்தவர்களைப் பற்றி ஒரு வரி எழுத இடம் வேண்டும். திறப்பு விழாப் பெயர்கள் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் பேரப்பிள்ளைகளுக்குக் குளத்தைப் பற்றி ஒன்றும் மிஞ்சாது.

கல்லில் தமிழ் பிழையாக வந்துவிட்டது. நாங்கள் கொடுத்தது சரி, வெட்டியவரும் கொடுத்ததைத்தான் வெட்டினேன் என்கிறார். எங்கே பிழை நடந்தது?
— வாசகர், கிளிநொச்சி

அநேகமாகக் கணினியில். பாமினி எழுத்துருவில் தட்டியதை வேறு எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் பிரிந்துபோகும், "ஸ்ரீ" காணாமற் போகும், "ஔ" என்பது "ஒ", "ள" என்று இரண்டெழுத்தாகிவிடும். கடைக்குக் கோப்பை மட்டும் அனுப்பாமல் எழுத்துக்களைக் கோட்டுருவமாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைபடமாக, மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். கூடவே கையால் எழுதிய பிரதி ஒன்றும் கொடுங்கள்.

இரண்டாவது பிழை புள்ளியில் நடக்கும். சிறிய எழுத்தில் புள்ளி ஒரு மில்லிமீற்றர்கூட வராது. வெட்டுபவர் அதைத் தூசி என்று விட்டுவிட்டால் "வன்னி" என்பது "வனனி" ஆகிவிடும். உடல் எழுத்து 30 மில்லிமீற்றர், தலைப்பு 60 மில்லிமீற்றர் என்று வைத்தால் புள்ளி தப்பும். ண, ஞ, ஜ போன்றவற்றின் உள்வளைவும் அடைபடாது.

வெட்டுமுன் முழு அளவில் தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி மூன்று பேரைப் படிக்கச் சொல்லுங்கள்: ஓர் ஆசிரியர், ஊரின் மூத்தவர் ஒருவர், இந்த விடயமே தெரியாத ஒருவர். ஆசிரியர் எழுத்துப் பிழையைக் காண்பார். மூத்தவர் ஊர்ப்பெயர்ப் பிழையைக் காண்பார். மூன்றாமவர் எங்கே தடுக்குகிறார் என்று பாருங்கள், அந்த வசனத்தை மாற்றவேண்டும். சிங்களமும் ஆங்கிலமும் சேர்ப்பதானால் அவற்றுக்கும் இதே சோதனை வேண்டும். ஊர்ப்பெயரை மொழிபெயர்க்காதீர்கள், ஒலியை எழுதுங்கள்.

நினைவுத்தூணில் ஒட்டிய மாபிள் பலகை இரண்டு வருடத்தில் வெடித்து விழுந்துவிட்டது. ஏன்?
— விளையாட்டுக் கழகம், புதுக்குடியிருப்பு

பலகையின் பின்னால் நாலு மூலையிலும் நடுவிலும் சீமெந்துக் கட்டி வைத்து அழுத்தி ஒட்டியிருப்பார்கள். இடையில் வெற்றிடம். மேல்விளிம்பால் மழைநீர் உள்ளே போய்த் தங்கும். வெயிலில் பலகை ஒரு விதமாயும் சீமெந்து இன்னொரு விதமாயும் விரியும். மேற்குப் பார்த்த பலகைகள் முதலில் விழுவது இதனால்தான். மீண்டும் வைக்கும்போது துருப்பிடியாத உருக்கு ஆணி நாலு போட்டுத் தாங்கவைத்து, பலகைக்கும் சுவருக்கும் இடையில் 5 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, கீழ்விளிம்பைத் திறந்து விடுங்கள், நீர் வடியும். மேலே இரண்டு அங்குலம் வெளியே நீட்டிய மூடுகல் வேண்டும். சாதாரண இரும்பாணி போட்டால் துரு பருத்து மூலையை உடைக்கும்.

மாபிளைக் கழிப்பறை அமிலத்தாலோ எலுமிச்சம் புளியாலோ கழுவாதீர்கள், எழுத்தின் விளிம்பு கரைந்துபோகும். கிணற்றுநீர் காய்ந்த வெள்ளைப்படையைக் கண்டு அமிலத்தைத் தேடுகிறார்கள். மழைநீரும் மென்தூரிகையும் போதும்.

கல் நாட்ட யாரிடம் அனுமதி கேட்பது?
— பலர்

நிலம் யாருடையது என்பதில் தொடங்குங்கள். கிராம அலுவலர் வழியாகப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் பெறுங்கள். ஏ9, மாங்குளம் – முல்லைத்தீவு ஏ34, பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 போன்ற பெருவீதிகளின் ஒதுக்கு நிலம் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியது. மாகாண வீதியானால் மாகாணத் திணைக்களம், ஊர் ஒழுங்கையானால் பிரதேச சபை. குளத்துக்கு, பாய்ச்சும் நிலம் 80 ஹெக்ரேயருக்கு, அதாவது 200 ஏக்கருக்கு உட்பட்டதானால் கமநல அபிவிருத்தித் திணைக்களம், அதற்கு மேற்பட்டால் நீர்ப்பாசனத் திணைக்களம். காடு என்றால் வன இலாகா.

பழைய கட்டட அழிவோ கல்வெட்டோ உள்ள இடமானால் மண்வெட்டி வைக்குமுன் தொல்லியல் திணைக்களம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம் 1815 மார்ச் 2க்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளாகக் கொள்கிறது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. நிகழ்வு நடந்த ஆண்டையும் கல் வெட்டிய ஆண்டையும் இங்கே பிரித்துப் பார்க்கவேண்டும். 1803இல் நடந்ததைச் சொல்லும் கல் அதற்கு வெகுகாலம் பின்னர் நாட்டப்பட்டிருக்கலாம். பதில் வாய்மொழியாக வந்தால் போதாது. வீதி அகலிப்பு வரும்போது கல்லைக் காப்பாற்றுவது அந்தக் கடிதம் ஒன்றுதான். கல்லின் அமைவிடத்தை வீதி எஞ்சினியரின் வரைபடத்தில் குறிக்கச் சொல்லியும் கேளுங்கள்.

குகைக் கல்வெட்டுக்களைப் படம் எடுக்கும்போது வெண்கட்டியால் எழுத்தை நிரப்பினால் தெளிவாகத் தெரிகிறது. செய்யலாமா?
— உயர்தர மாணவர், வவுனியா

செய்யாதீர்கள். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளக் குகையொன்றில் பிராமி எழுத்தில் "தமெட வணிஜ கஹபதி விஸாக" என்று வருகிறது. தமிழ் வணிகனான, இல்லத்தலைவன் விசாகனின் குகை என்பது பொருள். கிறிஸ்துவுக்கு முன்னரே இப்பகுதியில் தமிழ் வணிகர் இருந்ததற்குக் கையால் தொட்டுக் காட்டக்கூடிய சான்று அது. பிராமியில் ஒரு சிறு கோடு கூடினால் "க" என்பது "கி" ஆகிவிடும். வெண்கட்டியால் நிரப்புகிறவர் தான் நினைத்த எழுத்தைத்தான் வரைகிறார். பாறை வெடிப்பையும் எழுத்தென்று நிரப்புகிறார். அந்தப் படத்தைப் பிறகு யாரும் நம்ப முடியாது. தூளும் கல்லின் நுண்துளைகளில் தங்கிவிடும். எண்ணெய், மஞ்சள், மா எல்லாம் இதே கேடுதான்.

சரிவு வெளிச்சம்தான் வழி. கமராவைத் தாங்கியில் பூட்டி, பாறைக்கு நேர் எதிரே அசையாமல் நிறுத்துங்கள். பொழுதுபட்டபின் ரோச் லைற்றைப் பாறையோடு ஒட்டினாற்போல், பத்துப் பதினைந்து பாகைச் சரிவில் பிடியுங்கள். இடம், வலம், மேல், கீழ் என நாலு பக்கமிருந்தும் ஒவ்வொரு படம். நேர் வெளிச்சத்தில் வெறும் பாறையாய் இருந்த இடத்தில், விளக்கைத் தாழ்த்தத் தாழ்த்த ஒவ்வோர் எழுத்தின் ஓரமும் கறுத்து மேலே வரும். வெளிச்சம் வரும் திசையிலேயே ஓடும் கோடு அந்தப் படத்தில் தெரியாமல் போகலாம், அதனால் நாலு படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டகத்துக்குள் ஓர் அளவுகோலை வைக்க மறக்காதீர்கள். பாசி பிடித்திருந்தால் நீங்கள் சுரண்டவேண்டாம், அது திணைக்களத்தின் வேலை.

முதியவர்கள் "சூறாவளி வருசம்", "உருத்திரோற்காரி வருசம்" என்று சொல்லும் ஆண்டுகளைக் கல்லில் எப்படி எழுதுவது?
— ஆசிரியர், மாங்குளம்

அப்படியே எழுதமுடியாது, மாற்றிச் சரிபார்க்கவேண்டும். வன்னியில் சூறாவளி என்றால் பெரும்பாலும் 1964 டிசெம்பர். ஆனால் மட்டக்களப்பிலிருந்து வந்து குடியேறிய குடும்பமானால் அவர்கள் சொல்வது 1978 நவம்பராக இருக்கலாம். "அப்போது எந்த வகுப்பில் படித்தீர்கள்? யாருக்குக் கலியாணம் நடந்தது?" என்று கேட்டால் பிரிந்துவிடும். தமிழ் வருடப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும். உருத்திரோற்காரி 1803, 1863, 1923, 1983 எல்லாம்தான். சித்திரையில் தொடங்குவதால், அடுத்த தைக்கும் பங்குனிக்கும் ஆங்கில ஆண்டு ஒன்று கூடும். இதைக் கவனியாமல் ஓராண்டு பிழைத்த கற்கள் உண்டு.

இரண்டு வேறு வழியில் ஒரே ஆண்டு வந்தால் வெட்டுங்கள். வராவிட்டால் "1960களில்" என்று எழுதுங்கள். அப்படி எழுதுவதில் ஒரு குறைவும் இல்லை. பொய்த்த ஆண்டு ஒன்று கல்லிலிருந்து பாடப்புத்தகத்துக்குப் போய்விட்டால் திருத்தவே முடியாது. கச்சேரி எனப்படும் மாவட்ட நிர்வாக அலுவலகத்தின் பழைய குறிப்பேடுகளுக்குக் கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத்தையும், அச்சான சிறப்பு மலர்களுக்கு நூலகம் இணையத்தளத்தையும் பாருங்கள். பாடசாலை, கோயில் மலர்களில் குளம், வீதி பற்றிய ஆண்டுகள் நிறையக் கிடைக்கும்.

அரிப்பில் கடலோரம் நிற்கும் இடிந்த மாளிகை கோட்டையா?
— வாசகர், முருங்கன்

கோட்டை வேறு, மாளிகை வேறு. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஆளுநர் பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கிரேக்கத் தூண் பாணியில் கட்டுவித்த டோரிக் மாளிகை அது. கோட்டை அதற்கு முந்தியது. கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து தப்பிய ஆங்கிலேயர் றொபேர்ட் நொக்ஸ் அருவியாற்றின் வழியே காட்டைக் கடந்து 1679இல் வந்து சேர்ந்தது அந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத்தான். மாளிகை நிற்கும் கரையைக் கடல் அரித்துக்கொண்டிருக்கிறது. அங்கே பலகை வைப்போர் விளிம்பில் வைக்காமல் உள்ளே வீதிப்பக்கம் வையுங்கள்.

உடைந்த நினைவுக்கல்லின் துண்டுகளைச் சீமெந்தால் ஒட்டி நிறுத்தலாமா?
— வாசகர், முல்லைத்தீவு

வேண்டாம். சீமெந்தைப் பிறகு பிரிக்கமுடியாது, உப்பும் கல்லுக்குள் இறங்கும். துண்டுகள் கிடக்கும் நிலையிலேயே முதலில் படம் எடுங்கள். பிறகு சிறு சில்லுவரை பொறுக்கி, எழுத்தில்லாத பக்கத்தில் பென்சிலால் இலக்கமிட்டு, மணல் பரப்பிய பலகையில் எழுத்து மேல்நோக்க அடுக்குங்கள். கூரையுள்ள இடத்தில் வையுங்கள், பாடசாலையோ வாசிகசாலையோ போதும். பழைய இடத்தில் புதிய கல் நாட்டும்போது பழைய வாசகத்தை மாற்றாமல் ஒரு பக்கத்தில் வெட்டி, அது பழைய வாசகம் என்றும், கல் எந்த ஆண்டு உடைந்தது, இது எந்த ஆண்டு நாட்டியது என்றும் கீழே சேருங்கள்.

மாணவரைக் கூட்டிக்கொண்டு பழைய கற்களைத் தேடிப்போக என்ன ஆயத்தம் வேண்டும்?
— ஆசிரியை, துணுக்காய்

ஊர்க்காரர் ஒருவர் இல்லாமல் வீதியை விட்டு இறங்கவேண்டாம். சிவப்பு மண்டையோட்டுப் பலகையோ நாடாவோ கண்டால் அந்தத் திசையே வேண்டாம், கல் எவ்வளவு கிட்ட இருந்தாலும். பயிர்செய்யாமல் பற்றை மூடிக்கிடக்கும் நிலத்தில் மிதிவெடி அகற்றப்பட்டதா என்று பிரதேச செயலகத்தில் முன்கூட்டிக் கேளுங்கள். காலை ஆறரைக்குப் புறப்பட்டால் ஒன்பது மணிவரை சரிவு வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும், யானையும் காட்டுக்குள் திரும்பியிருக்கும். நாலு பேருக்கு ஒரு அளவுநாடா, ஒரு குறிப்புக்கொப்பி, ஒரு மென்தூரிகை, இரண்டு போத்தல் மழைநீர். கல்லின் உயரம், அகலம், கனம், எந்தத் திசை பார்க்கிறது, ஒவ்வொரு வரியிலும் எத்தனை எழுத்து என்பவற்றை அந்த இடத்திலேயே எழுதுவியுங்கள். வாசிக்கமுடியாத எழுத்துக்கு ஊகம் எழுதாமல் ஒரு புள்ளி போடச் சொல்லுங்கள்.